புதுக் கணினியில் இருக்கும் விண்டோஸ் அசல்தானா? வாங்கியதும் பார்க்க வேண்டியவை

“இது டாஸ் மாடல் சார், அதான் விலை கம்மி. விண்டோஸ் நாங்களே போட்டுக் கொடுத்துடுவோம், அதுக்குத் தனியாக் காசு வேண்டாம்.” கணினி வாங்கப் போனவர்களில் பலர் இதைக் கேட்டிருப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் டாஸ் மாடல் என்றால் என்ன? தயாரித்த நிறுவனம் அந்தக் கணினிக்கு விண்டோஸ் உரிமம் வாங்கவில்லை, அதனால் விலை குறைந்தது, அவ்வளவுதான். கடைக்காரரும் அதற்குக் காசு வாங்கவில்லை என்றால், மைக்ரோசாஃப்ட்டுக்கு யாருமே பணம் கட்டவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் திரையில் விண்டோஸ் ‘ஆக்டிவேட்’ ஆகியிருக்கும்.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஆக்டிவேட் ஆகியிருப்பது வேறு, உரிமம் இருப்பது வேறு. வண்டி ஓடுகிறது என்பதற்காக ஆர்.சி. புக் உங்கள் பெயரில் இருக்கிறது என்று சொல்ல முடியாது அல்லவா? அதனால் திரையில் வரும் ஒரே ஒரு வரியை நம்பாமல், பில், திரை, மதர்போர்டு மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பெரிய தொழில்நுட்ப அறிவெல்லாம் தேவையில்லை. கால் மணி நேரம் போதும்.

கடையிலேயே பார்க்க வேண்டியது

இந்தியாவில் விற்கும் வீட்டு உபயோக லேப்டாப்களில் பெரும்பாலும் வருவது ‘விண்டோஸ் 11 ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ என்ற பதிப்பு. அட்டைப்பெட்டி லேபிளிலும் பில்லிலும் இதை ‘வின் 11 ஹோம் எஸ்எல்’ என்பது போலச் சுருக்கி அச்சிட்டிருப்பார்கள். டாஸ், ஃப்ரீடாஸ், உபுண்டு, லினக்ஸ் ஆகிய சொற்களில் ஒன்று இருந்தால், அந்த விலையில் விண்டோஸ் சேரவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். அப்படி வாங்குவதில் தவறு எதுவும் இல்லை. விண்டோஸை நீங்கள்தான் தனியாக வாங்கிப் போட வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

பில்லில் மாடல் எண்ணோடு ஓஎஸ் (விண்டோஸ் போன்ற இயங்குதளம்) பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ‘லேப்டாப் – 1’ என்று மட்டும் போட்ட பில் பிற்பாடு எதற்கும் உதவாது. அசெம்பிள் செய்த கணினி என்றால் விண்டோஸுக்குத் தனி வரி, தனி விலை இருக்க வேண்டும். அந்த வரியை எழுதக் கடைக்காரர் தயங்கினாலே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இன்னொரு வழியும் உண்டு. லேப்டாப்பின் அடிப்பக்கத்தில் இருக்கும் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் கொடுத்தால், அது தொழிற்சாலையிலிருந்து எந்த உள்ளமைப்போடு வெளியே வந்தது என்று பல பிராண்டுகளில் தெரிந்துவிடும். டெல் லேப்டாப் என்றால் சர்வீஸ் டேக் எண்ணைக் கொடுத்து ‘ஒரிஜினல் கான்ஃபிகரேஷன்’ பகுதியைப் பாருங்கள். லெனோவோ, ஹெச்பி தளங்களிலும் இதே போன்ற தேடல் வசதி இருக்கிறது. கடைக்காரர் என்ன சொன்னாலும் இந்தப் பட்டியல் மாறாது என்பதால் எனக்கு இதன் மேல் நம்பிக்கை அதிகம்.

முதல் முறை ஆன் செய்யும்போது

தொழிற்சாலையிலிருந்து நேராக வரும் லேப்டாப் முதல் முறை ஆன் ஆகும்போது நாடு எது, கீபோர்டு எது, வைஃபை எது என்று வரிசையாகக் கேட்கும். அதெல்லாம் இல்லாமல், ‘அட்மின்’ அல்லது ‘யூசர்’ என்ற பெயரில் டெஸ்க்டாப் நேராகத் திறந்தால், யாரோ ஏற்கெனவே உள்ளே போயிருக்கிறார்கள். உங்களுக்கு உதவுகிறோம் என்று கடையிலேயே அமைத்துக் கொடுத்திருக்கலாம், அதை மட்டும் வைத்துத் திருட்டு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அடுத்த படிகளைக் கொஞ்சம் கவனமாகச் செய்யுங்கள்.

ஆன் செய்ததும் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி, அந்த நிறுவனத்தின் மின்னஞ்சலில் நுழையச் சொன்னால் விஷயம் வேறு. அது ஒரு அலுவலகத்தின் நிர்வாகத்தில் பதிவான கணினி. புதியது என்று சொல்லிப் பழையதை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். உரிமம் அசலாகவே இருக்கலாம், ஆனாலும் அந்தப் பதிவை நீக்காத வரை கணினி முழுமையாக உங்களுடையதாகாது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

செட்டிங்ஸில் பார்ப்பது

கணினியை இணையத்தோடு இணைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் ஆக்டிவேஷன். விண்டோஸ் 10 என்றால் செட்டிங்ஸில் ‘அப்டேட் அண்ட் செக்யூரிட்டி’ பகுதிக்குள் ஆக்டிவேஷன் இருக்கும். (விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. புதுக் கணினி என்று சொல்லி அதில் 10-ஐப் போட்டுத் தந்தால், அது ஏன் என்று முதலில் கேளுங்கள்.)

அந்தப் பக்கத்தில் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது பதிப்பின் பெயர். பில்லில் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் என்று இருந்து திரையில் ப்ரோ என்று வந்தால், யாரும் உங்களுக்குப் பெரிய பதிப்பை அன்பளிப்பாகத் தரவில்லை. தொழிற்சாலையில் போட்ட விண்டோஸை யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். ‘என்டர்பிரைஸ்’ அல்லது ‘எல்டிஎஸ்சி’ என்று வந்தால் சந்தேகமே வேண்டாம். அவை நிறுவனங்களுக்கு மொத்த உரிமத்தில் விற்கப்படும் பதிப்புகள். வீட்டுக்கு ஒரு லேப்டாப் வாங்குபவரிடம் அவை வந்து சேர நேர்மையான வழி கிடையாது.

இரண்டாவது ஆக்டிவேஷன் நிலை. ‘ஆக்டிவ்’ என்று பார்த்ததும் ஜன்னலை மூடிவிடாதீர்கள். பக்கத்தில் உள்ள அம்புக்குறியை அழுத்தினால் ஒரு முழு வாக்கியம் விரியும். ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ (கணினியின் வன்பொருளை வைத்து மைக்ரோசாஃப்ட் பதிந்துகொள்ளும் டிஜிட்டல் உரிமம்) மூலம் ஆக்டிவேட் ஆனது என்று இருந்தால் நல்லது. அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைக்கப்பட்டது என்று இருந்தால் இன்னும் நல்லது. ‘ஆர்கனைசேஷன்ஸ் ஆக்டிவேஷன் சர்வீஸ்’ என்ற சொற்கள் வந்தால்தான் சிக்கல். உங்கள் நிறுவனத்தின் சர்வர் இந்தக் கணினிக்கு அனுமதி தந்திருக்கிறது என்று அதற்குப் பொருள். உங்களுக்கு எந்த நிறுவனமும் சர்வரும் கிடையாது, இல்லையா? அப்படியானால் யாருடைய சர்வர்?

ரன் பெட்டியில் இரண்டு கட்டளைகள்

மேலே சொன்னது பொதுவான சோதனை. உண்மையை வெளியே கொண்டுவருவது இந்தப் பகுதிதான். கீபோர்டில் விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், சின்னதாக ரன் பெட்டி திறக்கும். அதில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்று ஐந்தையும் ஒட்டி எழுதுங்கள். ஓர் இடைவெளி விடுங்கள். முன்பக்கம் சாயும் கோடு ஒன்று போட்டு, அதை ஒட்டி எக்ஸ், பி, ஆர் என்று எழுதி (slmgr /xpr) என்டர் தட்டுங்கள். சில நொடிகளில் ஒரு சிறு ஜன்னல் வரும்.

‘பர்மனன்ட்லி ஆக்டிவேட்டட்’ என்று வந்தால் முதல் தடையைத் தாண்டிவிட்டீர்கள். ‘வால்யூம் ஆக்டிவேஷன்’ இன்ன தேதியில் காலாவதியாகும் என்று வந்தால், அது கேஎம்எஸ் என்ற நிறுவன முறை. இதன் அனுமதி 180 நாட்களுக்குத்தான், இடையிடையே சர்வரைத் தொடர்புகொண்டு புதுப்பித்துக்கொண்டே இருக்கும். அந்த சர்வர் வேலை செய்ய நிறுவனத்தில் குறைந்தது 25 கணினிகளாவது இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் விதி. வீட்டில் ஒரே ஒரு லேப்டாப் வைத்திருப்பவரின் திரையில் இது வருகிறது என்றால், கணினிக்குள்ளேயே ஒரு போலி சர்வரை உட்கார வைத்திருக்கிறார்கள், அல்லது இணையத்தில் யாரோ நடத்தும் சர்வரோடு இணைத்திருக்கிறார்கள்.

காலாவதித் தேதி 2038 ஜனவரி 19 என்று வந்தால் அது இன்னும் சுவாரஸ்யம். 1970-லிருந்து நொடிகளை எண்ணி நேரம் கணக்கிடும் 32 பிட் முறை அந்த நாளோடு நிரம்பிவிடும். அந்த எல்லை வரை கேஎம்எஸ் அனுமதியை இழுத்து நீட்டும் ஒரு தந்திரம் பல காலமாகப் புழக்கத்தில் இருந்தது. எந்த நிறுவனத்தின் சர்வரும் இவ்வளவு தூரத் தேதியைக் கொடுப்பதில்லை. அந்தத் தேதியைப் பார்த்தாலே திருட்டு என்று முடிவு செய்துவிடலாம்.

இப்போது இரண்டாவது கட்டளை. அதே ஐந்து எழுத்துகள், இடைவெளி, சாய்கோடு. அதன் பின் எக்ஸ்பிஆருக்குப் பதிலாக டி, எல், வி (slmgr /dlv). இந்த முறை நீளமான ஒரு பட்டியல் வரும். பயப்பட வேண்டாம், அதில் இரண்டு வரிகள்தான் நமக்கு வேண்டும்.

ஒன்று ‘டிஸ்கிரிப்ஷன்’. அதன் கடைசியில் எந்தச் ‘சேனல்’ வழியாக உரிமம் வந்தது என்று இருக்கும். ஓஇஎம்_டிஎம் (OEM_DM) என்று இருந்தால் தொழிற்சாலையில் மதர்போர்டுக்குள்ளேயே பதித்த கீ, அதாவது விண்டோஸின் உரிம எண், பயன்பாட்டில் இருக்கிறது. 2012-இல் விண்டோஸ் 8 வந்த பிறகு பெரிய பிராண்டுகள் எல்லாம் இப்படித்தான் செய்கின்றன. விண்டோஸோடு வந்த பிராண்டட் லேப்டாப்பில் நீங்கள் பார்க்க விரும்ப வேண்டிய சொல் இதுதான். ரீட்டெயில் என்று இருந்தால் தனியாக வாங்கிய கீயாக இருக்கலாம், டிஜிட்டல் உரிமமாகவும் இருக்கலாம், பில்லோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். வால்யூம் என்று தொடங்கினால் நிறுவன உரிமம். டைம்பேஸ்டு என்று தொடங்கினால் சோதித்துப் பார்க்க மைக்ரோசாஃப்ட் தரும் தற்காலிகப் பதிப்பு, நாள் முடிந்ததும் வேலையைக் காட்டும்.

இன்னொன்று ‘பார்ஷியல் ப்ராடக்ட் கீ’, அதாவது கீயின் கடைசி ஐந்து எழுத்துகள். இதைத் தேடிப் பார்த்துப் பயந்து போகிறவர்கள் அதிகம், அதனால் விளக்கிவிடுகிறேன். ப்ரோ பதிப்பில் 3வி66டி (3V66T) என்றும், ஹோம் பதிப்பில் 8ஹெச்விஎக்ஸ்7 (8HVX7) என்றும் முடிந்தால், அது உலகம் முழுக்க எல்லாருக்கும் பொதுவான கீ. டிஜிட்டல் உரிமம் உள்ள கணினியில் விண்டோஸ் தானாகவே அதைப் போட்டுக்கொள்ளும். அது மட்டும் இருப்பதால் திருட்டு என்று அர்த்தமில்லை. ப்ரோவில் டி83ஜிஎக்ஸ் (T83GX) என்றோ, என்டர்பிரைஸில் 2ஒய்டி43 (2YT43) என்றோ முடிந்தால் அவை கேஎம்எஸ் முறைக்கென மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பொதுக் கீகள். வீட்டுக் கணினியில் அவற்றுக்கு வேலை இல்லை.

அதே பட்டியலில் ‘கேஎம்எஸ் மெஷின் நேம்’ என்று ஒரு வரி தென்பட்டால், அதில் 127 என்று தொடங்கும் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். அது உங்கள் கணினியின் சொந்த முகவரி. தனக்குத் தானே அனுமதி கொடுத்துக்கொள்ளும் கணினி என்று பொருள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் சர்வரையே ஏமாற்றி உண்மையான டிஜிட்டல் உரிமத்தை வாங்கிவிடும் குறுக்குவழிகளும் இருக்கின்றன. அப்படிச் செய்த கணினி மேலே சொன்ன திரைச் சோதனைகளில் பெரும்பாலானவற்றைச் சுலபமாகத் தாண்டிவிடும். நிரந்தரம் என்றும் காட்டும், டிஜிட்டல் உரிமம் என்றும் காட்டும், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாலும் மறுபடி ஆக்டிவேட் ஆகிவிடும். ஆனால் டாஸ் மாடலின் மதர்போர்டில் தொழிற்சாலைக் கீயை அது உண்டாக்காது, பில்லில் ஒரு வரியையும் சேர்க்காது. பில்லைப் பற்றி ஆரம்பத்திலேயே அவ்வளவு சொன்னது இதனால்தான்.

டிஃபெண்டர் விலக்குப் பட்டியல்

திருட்டு ஆக்டிவேட்டர்களை, விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான விண்டோஸ் டிஃபெண்டர், ‘ஹேக்டூல்’ என்று கண்டுபிடித்துத் தடுக்கும். அதனால் அவற்றைப் போடுகிறவர்கள் முதலில் டிஃபெண்டரின் கண்ணைக் கட்டிவிடுவார்கள். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ‘வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன்’ பகுதியில் ‘மேனேஜ் செட்டிங்ஸ்’ போய், கீழே ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பாருங்கள். புதுக் கணினியில் அந்தப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். ஏதாவது ஃபோல்டர் பெயர் இருந்தால், அந்த இடத்தை மட்டும் சோதிக்காதே என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

உரிமத்தை விட எனக்குக் கவலை தருவது இதுதான். கேஎம்எஸ்பிகோ என்ற ஆக்டிவேட்டரின் பெயரில் உலவிய ஒரு நிறுவியோடு கிரிப்ட்பாட் என்ற திருட்டு நிரலும் சேர்ந்து வந்ததை ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் 2021 டிசம்பரில் வெளியிட்டது. பிரவுசரில் சேமித்த விவரங்களையும் கிரிப்டோ வாலட்களையும் குறிவைக்கும் நிரல் அது. அந்த மாதிரிக் கணினியில்தான் நீங்கள் நெட் பேங்கிங் செய்யப் போகிறீர்கள்.

ஸ்டிக்கரை எவ்வளவு நம்பலாம்?

விண்டோஸ் 7 காலத்தில் லேப்டாப்பின் அடியில் 25 எழுத்துக் கீயோடு ஒரு ஸ்டிக்கர் இருக்கும். இப்போதைய பிராண்டட் கணினிகளில் கீ மதர்போர்டில் இருப்பதால், ஸ்டிக்கரில் கீ எதுவும் இருக்காது. கீ இல்லையே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

அசெம்பிள் செய்த கணினிக்குச் சிறு விற்பனையாளர்கள் போடும் ஓஇஎம் (கணினியைத் தயாரித்து விற்பவர்களுக்கான) விண்டோஸில் மட்டும் கீ உள்ள சான்றிதழ் ஸ்டிக்கர் வரும். கீயின் ஒரு பகுதியை, சுரண்டினால் போகும் வெள்ளி நிறப் பூச்சு மறைத்திருக்க வேண்டும். ஏற்கெனவே சுரண்டியிருந்தால் வாங்காதீர்கள். வெறும் ஸ்டிக்கரை மட்டும் தனியாக விற்பதை மைக்ரோசாஃப்ட் அனுமதிப்பதில்லை, அதனால் “ஸ்டிக்கர் ஒட்டித் தர்றேன்” என்பதை உரிமம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓஇஎம் உரிமம் முதலில் போட்ட மதர்போர்டோடு முடிந்துவிடும். ரீட்டெயில் உரிமத்தைப் பழைய கணினியிலிருந்து எடுத்துப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். அசெம்பிள் கணினியை அடிக்கடி மாற்றுகிறவர்களுக்கு ரீட்டெயில்தான் கட்டுப்படியாகும்.

நானூறு ரூபாய்க் கீ

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விண்டோஸ் ப்ரோ கீ கிடைக்கிறதே, அது அசலா என்று பலரும் கேட்பார்கள். அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட்டே விற்கும் விலை ஹோம் 139 டாலர், ப்ரோ 199 டாலர். அதை நானூறு ரூபாய்க்கு விற்க முடிகிறது என்றால் அந்தக் கீ நேர்வழியில் வந்திருக்க வாய்ப்பில்லை. ஏதோ நிறுவனத்தின் மொத்த உரிமத்திலிருந்து கசிந்ததாக இருக்கும், பழைய கணினிகளிலிருந்து உருவியதாக இருக்கும், இல்லாவிட்டால் திருடிய கார்டில் வாங்கியதாக இருக்கும். போட்டதும் வேலை செய்யும். அதன் பிறகு மைக்ரோசாஃப்ட் கீயை முடக்கினால், திரையின் வலது கீழ் மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்ற மங்கலான எழுத்து வந்துவிடும். விற்றவரை அப்போது தேடிப் பிடிக்க முடியாது.

போலி என்று தெரிந்தால்

முதலில் நீங்கள் பார்த்த திரைகளை எல்லாம் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பில்லோடு கடைக்குப் போங்கள். பில்லில் விண்டோஸ் என்று எழுதியிருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கும். அசல் உரிமம் கொடு, இல்லையென்றால் பணத்தைக் கொடு என்று கேட்கலாம். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் செய்யலாம். போலி மென்பொருளைப் பற்றிப் புகார் சொல்ல மைக்ரோசாஃப்ட்டின் தளத்திலும் தனிப் பக்கம் உண்டு.

டாஸ் மாடல் என்று தெரிந்தே வாங்கியிருந்தால் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டுக் கணினி என்றால் இரண்டு நல்ல வழிகள் இருக்கின்றன. பணம் இருந்தால் அசல் விண்டோஸ் வாங்குங்கள். இல்லையென்றால் உபுண்டு போன்ற இலவச லினக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள். இணையம், படிப்பு, கடிதம், கணக்கு எல்லாவற்றுக்கும் அது போதும். டேலி, போட்டோஷாப் என்று விண்டோஸையே நம்பி வேலை செய்பவர்களுக்கு மட்டும் லினக்ஸ் கொஞ்சம் தொல்லைதான்.

கடை, அலுவலகம், டிடிபி சென்டர் நடத்துகிறவர்கள் சட்டத்தையும் யோசிக்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்துகிறவருக்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் சொல்கிறது. வியாபாரத்துக்கு அல்லாமல் பயன்படுத்தியிருந்தால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து 50,000 வரை அபராதத்தோடு விடலாம்.

அசல் விண்டோஸைப் போடுவது என்று முடிவானால், ஏற்கெனவே உள்ள போலியின் மேலேயே புதுக் கீயைத் தட்டிவிட்டு விடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, பென் டிரைவில் போட்டு, டிஸ்க்கை முழுதாக அழித்துப் புதிதாக நிறுவுங்கள். டிஃபெண்டரின் கண்ணைக் கட்டியவர் வேறு என்னென்ன விட்டுப் போயிருக்கிறார் என்று தேடிக்கொண்டிருப்பதை விட இது சுலபம். தொழிற்சாலைக் கீ உள்ள லேப்டாப் என்றால் கீ கேட்காமலேயே சரியான பதிப்பு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எல்லாம் சரியாக இருந்தால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து உரிமத்தை அதோடு இணைத்துவிடுங்கள். ரீட்டெயில் உரிமம் வைத்திருப்பவர் மதர்போர்டை மாற்ற நேர்ந்தால், ஆக்டிவேஷன் பக்கத்தில் உள்ள ‘ட்ரபிள்ஷூட்’ வழியாகப் போய், வன்பொருளை மாற்றினேன் என்று சொல்லி உரிமத்தை மீட்க இந்த இணைப்பு வேண்டும். பில்லையும் ஒரு படம் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். கடைகளில் அச்சிட்டுத் தரும் பில் பல சமயம் ஒரு வருடத்திலேயே மங்கி வெள்ளைத் தாளாகிவிடுகிறது.